ஓர்லின் ட்வெட் ஏன் முடிவு செய்யவில்லை

ஓர்லின் ட்வெட்டை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் கூட்டம் நடந்த அன்று. பால் வைக்கும் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் அவர் ஒரு தனி அணியாக நின்றுகொண்டிருந்தார். அணியில் அவர் ஒருவர்தான். கட்சி விதிப்படி ஒருவர் நின்றாலும் அணிதான். மூன்று பேருக்குக் குறைந்தால் செல்லாத அணி, அவ்வளவே.

நாட்டின் அடுத்த ஜனாதிபதியாக யாரை நிறுத்துவது என்று கட்சிகள் ஆள் பொறுக்கும் வேலை, அமெரிக்காவிலேயே முதலில் எங்கள் அயோவா மாநிலத்தில்தான் தொடங்கும். அதுவும் பிப்ரவரியில், மூக்குத் தண்ணீர் உறையும் குளிரில். அன்று எங்கள் கட்சியில் வாக்குச்சீட்டு கிடையாது. அக்கம்பக்கத்தார் ஓர் அறையில் கூடி, அவரவர் வேட்பாளருக்கென்று ஒதுக்கிய மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். இந்தப் பெரும் பொறுப்பை எங்களிடம் ஏன் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தகுதியைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நாங்கள் நம்பினோம்.

அந்தத் தகுதிக்கு ஏற்ப நாங்கள் நிதானமாகவும் இருந்தோம். ஒரு வேட்பாளரை மூன்று தடவையாவது நேரில் பார்க்காமல் முடிவுக்கு வருவதை எங்கள் ஊரில் அவசரபுத்தி என்பார்கள். நாட்டை ஆள நினைப்பவர் முதலில் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, காப்பி குடித்து, எங்கள் முழங்கால் வலியைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். எண்பதுகளின் கடைசியில் நடந்த அந்தத் தேர்தலில், மேற்கே ஒரு மாநிலத்தை ஆண்ட பெண் ஆளுநர் ஒருவரும், கிழக்கிலிருந்து செனட்டர் ஒருவரும் எங்கள் ஆதரவைக் கேட்டு வந்தார்கள். இருவரும் நல்லவர்களாகவே தெரிந்தார்கள். அதுதான் சிக்கல்.

ஓர்லினுக்கு வேறு சிக்கல் இருந்தது. அது லிண்டன் ஓடைப் பாலம்.

அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். பன்றி வளர்ப்பை விட்டுவிட்டு, ஓடைக்கு இக்கரையில் தனியாக இருந்தார். அக்கரையில் அவருடைய அக்கா ஆர்லிஸ், கணவரை இழந்தவர். இருவருக்கும் உலகத்தில் வேறு யாரும் இல்லை. தினமும் மதியம் ஓர்லின் தன் பழைய பிக்கப் வண்டியில் பாலத்தைக் கடந்து போய் அக்கா வீட்டில் சாப்பிடுவார். வறுத்த பன்றி இறைச்சி, குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு, கடைசியில் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ இனிப்பு ஒரு துண்டு. தம்பி பொய் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார், அக்கா திட்டிக்கொண்டே பரிமாறுவார். ஓர்லினுக்குத் தானே சமைக்கத் தெரிந்தது டப்பா சூப்பைத் திறப்பது மட்டும்.

அது பலகைப் பாலம். எங்கள் கவுண்டி நிர்வாகம், அதாவது வட்டார நிர்வாகம், அதை முறைப்படி பரிசோதித்து, மூன்று டன்னுக்கு மேல் தாங்காது என்று கண்டறிந்தது. பொதுமக்களின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, அப்படியே எழுதி இரு கரையிலும் எச்சரிக்கைப் பலகை நடத் தீர்மானித்தது. பலகைகளையும் குழி தோண்டும் இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு வந்த லாரி எட்டு டன். இக்கரையில் ஒரு பலகையை நட்டுவிட்டு, அக்கரையில் இன்னொன்றை நடுவதற்காக லாரி பாலத்தில் ஏறியது. உத்தரங்கள் இரண்டு முறிந்தன. ஓட்டுநர் சமாளித்துப் பின்னால் எடுத்துவிட்டார். பரிசோதனையின் முடிவு முற்றிலும் சரி என்பது இதனால் நிரூபணமாகியுள்ளது என்று நிர்வாகம் அறிக்கை விட்டு, பாலத்தை மூடியது.

சுற்றிப் போகலாமே என்று கேட்பீர்கள். ஓடையைக் கடக்க இருந்த இன்னொரு வழி நெடுஞ்சாலை. ஓர்லினுக்குக் கண் மங்கியிருந்ததால், மாநிலப் போக்குவரத்து அலுவலகம் அவருக்குக் கட்டுப்பாட்டு உரிமம் கொடுத்திருந்தது. பகலில் ஓட்டலாம், சரளைச் சாலையில் ஓட்டலாம், நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. ஆர்லிஸுக்குக் கார் ஓட்டவே தெரியாது. அந்தத் தூரம் நடக்க இருவருக்கும் வயது இடம் கொடுக்காது.

ஓர்லின் இரண்டு அலுவலகத்துக்கும் போனார். கவுண்டி அலுவலகம், மாற்று வழி இருப்பதால் இந்தப் பாலம் அவசரப் பட்டியலில் வராது என்றது. போக்குவரத்து அலுவலகம், மாற்று வழியில் நீங்கள் ஓட்டக் கூடாது, பாலம் எங்கள் துறையும் அல்ல என்றது. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவு. நடுவில் நின்றுகொண்டு, நீங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேச முடியுமா என்று ஓர்லின் கேட்டிருக்கிறார். இது மாநிலம், அது கவுண்டி, எழுத்து மூலமாகத்தான் பேச முடியும் என்று இரண்டு கதவிலிருந்தும் ஒரே பதில் வந்ததாம். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

இப்படி அவர் டப்பா சூப் குடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் ஊருக்கு இயக்குநர்கள் வந்தார்கள்.

ஆளுநரின் சார்பில் வந்தவள் டெஸ். அவளுடைய பதவி வட்டாரக் களப்பணி இயக்குநர். செனட்டரின் சார்பில் வந்தவன் கிரெய்க். அவன் பிராந்திய மக்கள் உறவு இயக்குநர். இருவருக்கும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். இருவருக்குக் கீழும் யாரும் கிடையாது. இயக்குவதற்கு அவரவர் காரைத் தவிர வேறொன்றும் இல்லாத இயக்குநர்கள். இருவரும் புத்தம் புதிய கட்டம் போட்ட கம்பளிச் சட்டையும், விதைக் கம்பெனித் தொப்பியும், சேறு படாத பூட்ஸும் போட்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் விவசாயியைப் போல உடுத்தியிருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அவர்கள் எங்களுக்கு எண் போட்டார்கள். உறுதியான ஆதரவாளர் ஒன்று. சாய்ந்திருப்பவர் இரண்டு. முடிவு செய்யாதவர் மூன்று. எதிர்ப்பக்கம் சாய்ந்தவர் நான்கு. உறுதியான எதிரி ஐந்து. இது ரகசியம் என்றார்கள். இரண்டே வாரத்தில் காப்பிக் கடையில் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரிந்துவிட்டது.

ஓர்லினைப் பார்க்க டெஸ் வந்த முதல் நாளைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். யாருக்கு ஆதரவு என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"யோசிக்கணும்மா."

"எதைப் பத்தி யோசிக்கணும் சார்? ஏதாவது தெரியணும்னா நான் சொல்றேன்."

"பாலத்தைப் பத்தி. ஆனா பசியோட எனக்கு யோசனை ஓடாது. அக்கா வீட்ல சாப்பிட்டாத்தான் ஓடும். அது அந்தக் கரையில இருக்கு."

டெஸ் அவரைக் காரில் ஏற்றி, நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி, அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டாள். ஆர்லிஸ் கதவைத் திறந்தார்.

"டேய், யாருடா இந்தப் பொண்ணு?"

"ஜனாதிபதி தேர்தலுக்கு வந்திருக்குக்கா."

"நிக்குதா?"

"இல்லக்கா. என்னைக் கொண்டுவந்து விட வந்துச்சு."

"அப்ப உள்ள வரச் சொல்லு. நிக்கிறவங்களா இருந்தா கதவச் சாத்தலாம்னு இருந்தேன். தட்டு போடறேன்."

விஷயம் கிரெய்க் காதுக்கு எட்டியது. மறுநாள் அவன் பதினொரு மணிக்கே ஓர்லின் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு ஒரு நாள் அவள், ஒரு நாள் அவன். மாதக்கணக்காக ஓர்லின் ஒருவேளைச் சாப்பாடும் தவறவிடவில்லை. இயக்குநர்கள் இருவரும் தலைமையகத்துக்கு அனுப்பிய அறிக்கைகளில், மேற்படி வாக்காளருடன் ஆக்கபூர்வமான தொடர் உரையாடல் நடைபெற்று வருகிறது என்று எழுதினார்கள். அந்த உரையாடலால் இருவருக்கும் கன்னம் உப்பியது. டெஸ் புது பேன்ட் வாங்க வேண்டியிருந்தது.

பாலமும் சும்மா இருக்கவில்லை. ஆளுநர் ஓர்லினின் சமையலறைக்கே வந்து, கையைப் பிடித்து, பாலம் பற்றித் தனக்கு ஆழ்ந்த கவலை இருப்பதாகச் சொன்னார். எத்தனை நாளில் சரியாகும் என்று ஓர்லின் கேட்டார். பத்து நாளில் "சிறு பாலங்களுக்கான எட்டு அம்சத் திட்டம்" என்ற புத்தகம் அச்சாகி வந்தது. செனட்டர் அதோடு நிற்காமல் பாலத்துக்கே போனார். முறிந்த உத்தரத்தின் மேல் நின்று, கண்ணைச் சுருக்கித் தொலைதூரம் பார்ப்பது போலப் படம் எடுத்துக்கொண்டார். மூடிய பாலத்தில் ஏறியது குற்றம் என்பதால், செனட்டரும் புகைப்படக்காரர்களும் சேர்ந்து என்ன எடை என்று எழுத்து மூலம் விளக்கம் தருமாறு கவுண்டி கேட்டது. செனட்டரின் உண்மையான எடையை அறிய நாட்டு மக்களுக்கு உரிமை உண்டு என்று ஆளுநர் தரப்பு அறிக்கை விட்டது. பத்திரிகைகளில் ஒரு வாரம் இதுதான் பேச்சு. அந்த வாரம் முழுவதும் கவுண்டிப் பொறியாளர் அந்தப் பாலத்தின் பக்கம் போகவே அஞ்சினார்.

இதற்குள் ஊரில் ஒரு புது நாகரிகம் பிறந்திருந்தது. முன்பெல்லாம் தன் கட்சி, தன் வேட்பாளர் என்று அடித்துப் பேசுபவருக்குத்தான் மரியாதை. இப்போது முடிவு செய்யாமல் இருப்பதுதான் கௌரவம். காரணம் எளிது. மார்செல்லா குபிக் எங்கள் பகுதிக் கட்சித் தலைவர், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஆகஸ்டிலேயே ஆளுநருக்குத்தான் ஆதரவு என்று அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்றாம் எண். பதிலுக்கு ஆளுநரின் கையெழுத்தை அச்சடித்த ஒரு நன்றிக் கார்டு வந்தது. அதன் பிறகு அவரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"ஒண்ணுன்னு சொன்ன அன்னிக்கே அவங்களைப் பொறுத்தவரை நான் செத்தாச்சு," என்று காப்பிக் கடையில் மார்செல்லா சொன்னார். "அந்த ஓர்லினைப் பாரு. மூணு. தினம் கார் வருது."

அன்று வீட்டில் என் மனைவி வெர்னா என்னைக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு கேட்டப்ப நீங்க எத்தனைன்னு சொன்னீங்க?"

"சரியா சொல்லலை. ரெண்டுன்னு போட்டிருப்பா."

"ஏன் ரெண்டு? மூணுன்னு சொல்ல வேண்டியதுதானே. குளிர் உள்ள வராம ஜன்னலுக்கெல்லாம் இன்னும் பிளாஸ்டிக் ஒட்டலை. நீங்களும் ஏணியில ஏறப் போறதில்லை."

மறுநாள் டெஸ்ஸை நிறுத்தி, எனக்குச் சில சந்தேகங்கள் எழுந்துள்ளன என்று சொன்னேன். சனிக்கிழமைக்குள் எங்கள் வீட்டு ஜன்னல்கள் அத்தனைக்கும் பிளாஸ்டிக் ஒட்டியாகிவிட்டது. வடபக்க ஜன்னல்களை ஆளுநர் தரப்பு ஒட்டியது, தென்பக்கத்தைச் செனட்டர் தரப்பு. எதிர்வீட்டுக்காரருக்கு வெளியுறவுக் கொள்கையில் குழப்பம் வந்தது. அவர் வீட்டுக் கூரையின் மழைநீர்த் தகரத்தில் அடைத்திருந்த இலையை கிரெய்க் அள்ளிப் போட்டான். கிறிஸ்துமஸ் வந்தபோது ஊரில் ஐந்தும் இல்லை, நான்கும் இல்லை. ஒன்றாக இருந்த மார்செல்லாவும் தன் நிலைப்பாட்டை மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தார். அவர் வீட்டு வாசலில் பனி அள்ளப்பட்டது.

எல்லோரும் மூன்று என்று சொல்லிக்கொண்டாலும், உள்ளுக்குள் யாருக்கு நிற்பது என்று நாங்கள் முடிவு செய்துதான் வைத்திருந்தோம். ஓர்லின் உள்ளுக்குள் என்ன வைத்திருந்தார் என்று யாருக்கும் தெரியாது.

அந்த மாலை வந்தது. ஓர்லின் டெஸ்ஸின் காரில் வந்தார். திரும்பிப் போவது கிரெய்க்கின் காரில் என்று ஒப்பந்தம். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் எங்கள் வாக்குப்பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் பதினொரு பேர். தற்காலிகத் தலைவர் மார்செல்லா, நிரந்தரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, தானே நிரந்தரத் தலைவராகத் தேர்வானதாக அறிவித்து, முன்னாள் தற்காலிகத் தலைவருக்கு நன்றி தெரிவித்தார். அந்த நிரந்தரம் ஒன்றரை மணி நேரம் நீடிக்க வேண்டும். பிறகு விதியைப் படித்தார். எங்கள் பகுதிக்கு இரண்டு பிரதிநிதிகள், அவர்கள் அடுத்த மாதம் கவுண்டி மாநாட்டுக்குப் போவார்கள். உள்ளூர்க்காரர் அல்லாதவர் அறையில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஆகவே டெஸ்ஸும் கிரெய்க்கும் சுவரோரம் நின்று புருவத்தால் மட்டும் பேசினார்கள்.

மூலைக்குப் போங்கள் என்றார் மார்செல்லா. ஐந்து பேர் ஆளுநருக்கு, வாசல் பக்கம். அதில் வெர்னா இருந்தாள். ஐந்து பேர் செனட்டருக்கு, ஜன்னல் பக்கம். அதில் நான் இருந்தேன். ஓர்லின் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், முடிவு செய்யாதோர் அணியில்.

ஒரே ஆள் அணி செல்லாது என்பதால், அவரைத் தங்கள் பக்கம் இழுக்க இரு தரப்புக்கும் அரை மணி அவகாசம் கொடுக்கப்பட்டது. ஜனநாயகம் என்றால் என்ன என்று அந்த அரை மணியில் நான் கண்டேன். வெர்னா தன் இலவங்கப்பட்டை ரொட்டியைப் பற்றிப் பேசினாள். எங்கள் தரப்பில் ஒருவர், வசந்தத்தில் ஓர்லினின் வேலியைச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். ஆளுநர் தரப்பு எட்டு அம்சத் திட்டத்தை அவர் கையில் திணித்தது.

"படிச்சேன்," என்றார் ஓர்லின். "நல்லா எழுதியிருக்காங்க. ஒம்பதாவதா பாலம் கட்டறதுன்னு ஒண்ணு சேத்திருக்கலாம்."

செனட்டர் நேரிலேயே போய்ப் பாலத்தில் நின்றாரே என்றேன் நான்.

"நின்னாரு. அதான் இன்னும் கொஞ்சம் இறங்கிடுச்சு."

குரல்கள் உயர்ந்தன. நாட்டின் எதிர்காலம் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் மார்செல்லா கட்சி அனுப்பிய கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கரண்டியால் மேசையைத் தட்டினார்.

"ஒரு நிமிஷம். பதினொரு பேர், ரெண்டு பிரதிநிதி. ஓர்லின் இங்க வந்தா ஆறு அஞ்சு. ஆளுக்கு ஒண்ணு. அங்க போனா அஞ்சு ஆறு. அப்பவும் ஆளுக்கு ஒண்ணு. அவர் வீட்டுக்குப் போயிட்டாலும் ஆளுக்கு ஒண்ணுதான் வருது."

நாங்கள் எல்லோரும் சுவர்ப் பக்கம் பார்த்தோம். இயக்குநர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"அப்ப நான் எங்க நின்னாலும் ஒண்ணுதானா?" என்று ஓர்லின் கேட்டார்.

"ஒண்ணுதான் ஓர்லின்."

"நல்லதாப் போச்சு. இங்கயே நிக்கிறேன். நாளைக்கு மத்தியானம் நான் அக்கா வீட்டுக்குப் போகணும். இந்தப் பிள்ளைங்க ரெண்டு பேரும் பெட்டி படுக்கையெல்லாம் கார்ல ஏத்தியாச்சு, வர்றப்பவே பாத்தேன். நான் முடிவு சொல்லிட்டா நாளைக்கு யாரு வருவா?"

அவர் சொன்னது சாப்பாட்டைப் பற்றி. நாங்கள் அதை அரசியல் வியூகமாக எடுத்துக்கொண்டோம்.

எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். "அவர் சொல்றது சரிதானே. இன்னிக்கு முடிவு சொல்லிட்டா நாளையோட நம்ம மதிப்பு போச்சு. முடிவே சொல்லலைன்னா அடுத்த மாச மாநாடு வரைக்கும் அவங்க வந்துதானே ஆகணும்?" என்று கேட்டுக்கொண்டே குளிர்பெட்டிப் பக்கம் நடந்தார். வெர்னா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டு நிலவறைக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை. நானும் அவளும் இரண்டு மூலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பினோம். ஐந்து நிமிடத்தில் வாசல் பக்கமும் காலி, ஜன்னல் பக்கமும் காலி. கடைசியாக நிரந்தரத் தலைவரும் வந்து சேர்ந்து, தலைகளை எண்ணினார். ஆளுநர் பூஜ்யம், செனட்டர் பூஜ்யம், முடிவு செய்யாதோர் பதினொன்று. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் பகுதி வரலாற்றில் அவ்வளவு உறுதியான முடிவை நாங்கள் அதற்கு முன் எடுத்ததில்லை.

ஓர்லினையும் மார்செல்லாவையும் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுத்தோம். அந்த உற்சாகத்தில், லிண்டன் ஓடைப் பாலத் திறப்பு நடவடிக்கைக் குழு என்று ஒன்றையும் அங்கேயே அமைத்தோம். ஓர்லின் தவிர மற்றப் பத்துப் பேரும் அதில் உறுப்பினர்.

வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் நான் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, டெஸ் ஓர்லினிடம் விடைபெற வந்தாள். விடியற்காலையில் நியூ ஹாம்ப்ஷயருக்குக் கிளம்புவதாகச் சொன்னாள். அங்கே அடுத்த வாரம் தேர்தல். யார் முடிவு செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் அவர்கள் கிளம்பியிருப்பார்கள்.

"உங்களை அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேற யாராவது இருக்காங்கல்ல சார்?"

"அதுக்கென்னம்மா. இங்க எல்லார்கிட்டயும் கார் இருக்கு," என்றார் ஓர்லின்.

அவர் கிரெய்க்கின் காரில், முன் இருக்கையில், மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு போனார். பின் இருக்கையில் இடம் இல்லை.

மறுநாள் தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள் என்று வெர்னா தலைமுடியைச் சுருட்டிக்கொண்டாள். பத்திரிகையில் எங்களைப் பற்றி ஒரு வரி வந்திருந்தது, பன்றி விலைக்குக் கீழே. பத்து நாளில் செனட்டர் போட்டியிலிருந்து விலகினார். எங்கள் வீட்டு நிலவறைக்கு நான்தான் வெள்ளையடித்தேன்.

ஆனால் நாங்கள் பாலத்தைக் கைவிடவில்லை. நடவடிக்கைக் குழு வாரந்தோறும் கூடியது. மார்செல்லாவின் வீட்டில்தான் பெரிய மேசை இருந்ததால் அங்கே கூடினோம். அந்த வீடு நெடுஞ்சாலையில் இருந்தபடியால் ஓர்லினால் வர முடியவில்லை. அவருடைய நிலைமை எங்கள் கூட்டங்களில் மிகுந்த அனுதாபத்தோடு விவாதிக்கப்பட்டது. ஒரு முதியவர் தன் சொந்த அக்காவைப் பார்க்க முடியாமல் இருப்பது இந்த நூற்றாண்டுக்கே அவமானம் என்று எதிர்வீட்டுக்காரர் பேசியபோது வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்ட நடவடிக்கைகளைத் தட்டச்சு செய்து தபாலில் அவருக்கு அனுப்பிவைத்தோம். கவுண்டிக்கு மூன்று கண்டனத் தீர்மானங்கள் போயின. பொறுப்பான பதில்களும் வந்தன.

மார்ச் மாதம் ஒரு காலையில், தபால் பெட்டியில் நாலைந்து நாள் தபால் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்துத் தபால்காரர் உள்ளே போனார். ஓர்லின் நாற்காலியில் இருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று டாக்டர் சொன்னார்.

அடக்கத்தன்று, அக்கரையிலிருந்து ஆர்லிஸைக் கூட்டிவர ஆள் வேண்டுமே என்று எங்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நானும் வெர்னாவும் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு முற்றத்தில் ஏற்கனவே நாலு கார்கள் நின்றன. பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன. நடவடிக்கைக் குழு முழுவதும் அங்கே இருந்தது. அவரவர் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நல்ல உடுப்பில், பனியில் நின்றோம்.

ஆர்லிஸ் கறுப்புக் கோட்டோடு வாசலுக்கு வந்தார். கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வழி தெரிஞ்சிருக்கே," என்றார்.

மார்செல்லா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நல்ல ரோடுதான் ஆர்லிஸ். அரை மணிகூட ஆகலை," என்றார்.

"அப்படியா," என்றார் ஆர்லிஸ். எந்தக் காரில் ஏறுவது என்று அவர் யோசிக்கவில்லை. படிக்குப் பக்கத்தில் நின்ற காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கவுண்டி மாநாட்டில் ஓர்லினுக்காக எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். மறைந்த பிரதிநிதி தம் இறுதி மூச்சுவரை முடிவு செய்யாத நிலைப்பாட்டில் உறுதியாக நின்றதை இம்மாநாடு பெருமையுடன் பதிவு செய்கிறது என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் குழுவின் கோரிக்கையும் ஏற்கப்பட்டது. லிண்டன் ஓடைப் பாலத்தை உடனே திற என்று நாங்கள் எழுதியது, மாவட்ட மாநாட்டில் ஊரகப் பாலங்களைக் கவனி என்றும், மாநில மாநாட்டில் உள்கட்டமைப்பை மேம்படுத்து என்றும் ஆகி, கட்சியின் தேசியக் கொள்கை அறிக்கைக்குப் போனபோது நாடு முன்னேற வேண்டும் என்று இருந்தது. அதை யாரும் எதிர்க்கவில்லை.

ஆர்லிஸ் அதற்கடுத்த வருடம் முதியோர் இல்லத்தில் இறந்தார். புதுப் பாலத்துக்குப் பணம் வந்தது அதற்கும் ஏழெட்டு வருடம் கழித்து. கான்கிரீட் பாலம், நாற்பது டன் தாங்கும். அதற்குள் இரண்டு வீடுகளையும் வாங்கியவர்கள் இடித்து உழுதுவிட்டார்கள். இப்போது பாலத்துக்கு இந்தப் பக்கம் சோளம், அந்தப் பக்கமும் சோளம்.